மெய்யொலி தேடிய கருவி: வெண்டி கார்லோஸின் இரண்டாம் இசைத்தட்டு

மின்னணு இசையின் வரலாற்றை எழுதுவோர் 1968ஆம் ஆண்டை விரித்துரைப்பர். 1969ஆம் ஆண்டை ஒரு தொடரில் கடந்துவிடுவர். 1968 அக்டோபரில் நியூயார்க்கின் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ‘சுவிட்ச்டு-ஆன் பாக்’ என்னும் இசைத்தட்டு, அதுவரை ஆய்வுக்கூடப் பொருளாக இருந்த சிந்தசைசரைப் பொதுமக்களின் செவிக்குக் கொண்டுவந்தது. 1969 நவம்பரில் அதே கலைஞர் அதே நிறுவனத்தின் வழியாக ‘தி வெல்-டெம்பர்டு சிந்தசைசர்’ என்னும் இரண்டாம் இசைத்தட்டை வெளியிட்டார். முன்னது வரலாறாயிற்று, பின்னது அதன் நிழலாக எண்ணப்பட்டது. இக்கட்டுரையாளரும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியதோடு, மேலை இசை பற்றிய உரைகளில் ‘இரண்டாவது, முதலாவதன் மறுபதிப்பு’ என்று மாணவரிடம் கூறியதும் உண்டு. அண்மையில் இரண்டையும் அடுத்தடுத்துப் பலமுறை கேட்டபோது அக்கூற்றைத் திரும்பப் பெறவேண்டிய நிலை நேர்ந்தது. அதற்கான காரணங்களை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மொழியாய்வு இதழில் இசைத்தட்டு ஒன்றைப் பற்றிய திறனாய்வுக்கு என்ன இடம் என்று வினவலாம். ஒரு கருவி ஒலி எழுப்புதல் வேறு. அவ்வொலியைத் தொடங்கி, நிறுத்தி, அடுத்ததனோடு புணர்த்தி ஒலித்தல் வேறு. இரண்டாம் இசைத்தட்டின் ஆக்கத்தில் கார்லோஸ் எதிர்கொண்ட இடர்ப்பாடு பெரும்பாலும் பின்னதைச் சார்ந்தது. எழுத்தின் பிறப்பை நெஞ்சு, மிடறு, தலை, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டிடம் வைத்து ஆராய்ந்த இலக்கண மரபினர்க்கு இச்சிக்கல் அயலானதன்று.

கலைஞரும் கருவியும்

வெண்டி கார்லோஸ் 1939ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் பிறந்தவர். பிரௌன் பல்கலைக்கழகத்தில் இசையும் இயற்பியலும் பயின்றார். பின்னர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் விளாடிமிர் உஸாசெவ்ஸ்கியிடம் இசையாக்கம் கற்று 1965இல் முதுகலைப் பட்டம் பெற்றார். (இசைத்தட்டின் முதற்பதிப்பு உறையில் இவருடைய பழைய முதற்பெயரே காணப்படும். தாம் பெண்ணாக வாழ்ந்துவருவதை 1979இல் இவர் பொதுவில் அறிவித்தார். நூலகப் பட்டியல்களில் தேடுவோர் இதனை நினைவிற் கொள்க.) உஸாசெவ்ஸ்கி முதலியோரால் உருவாக்கப்பட்ட கொலம்பியா-பிரின்ஸ்டன் மின்னணு இசை மையத்தில் அக்காலத்தில் போற்றப்பட்டது, மரபான இன்னிசையிலிருந்து விலகிய புத்தாக்கம். பழைய இசையைப் புதிய கருவியில் அமைப்பது அச்சூழலில் பெருமைக்குரிய செயலாகக் கருதப்படவில்லை. இயற்பியலும் இசையும் ஒருங்கே கற்ற ஒருவர், தம் ஆசிரியர் சூழலின் மதிப்பீட்டைப் புறந்தள்ளிப் பாக்கிடம் திரும்பியதில் ஒரு பிடிவாதம் இருந்தது.

அவர் கையாண்ட கருவி, இராபர்ட் மோக் 1964இல் வடிவமைத்து, நியூயார்க் மாநிலத்தின் ட்ரூமன்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் செய்து விற்ற சிந்தசைசர். இன்று கைக்கடக்கமான விசைப்பலகைகளைச் சிந்தசைசர் என்று அறிந்தவர்க்கு அதன் உருவம் வியப்பளிக்கும். தொலைபேசி இணைப்பகத்தைப் போல வடங்களால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட பெட்டிகளின் வரிசை அது. அதில் அலையியற்றி என்னும் பகுதி செறிவான மூல ஒலியைத் தரும். வடிப்பான் அதன் மேற்சுரங்களைத் தேவைக்கேற்பக் குறைக்கும். மூன்றாவதாக ஒரு பகுதி, அவ்வொலி எத்துணை விரைவில் எழவேண்டும், எங்குத் தணியவேண்டும், எவ்வளவு நேரம் நிற்கவேண்டும், எப்படி மறையவேண்டும் என்னும் வடிவத்தை வகுக்கும். இவை அனைத்தையும் மின்னழுத்தத்தால் ஆளலாம் என்பதே மோக்கின் முதன்மையான கண்டுபிடிப்பு.

இக்கருவி ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே இசைக்கும். நான்கு குரல்கள் ஒருங்கே நடக்கும் பாக்கின் பகுதியொன்றைப் பெற நான்கு முறையேனும் தனித்தனியே வாசித்து, தாமே பாகங்களைத் தேடிச் சேர்த்து அமைத்த எட்டுத் தட ஒலிநாடாக் கருவியில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தார் கார்லோஸ். அலையியற்றிகள் வெப்பத்தாலும் பிறவற்றாலும் சுருதி விலகிக்கொண்டே இருந்தமையால், சிறு சிறு தொடர்களாக வாசித்து, சுருதியைச் சரிபார்த்து, மீண்டும் வாசிக்க வேண்டியிருந்தது. முதல் இசைத்தட்டு மாதக்கணக்கான உழைப்பின் விளைவு. நாற்பது நிமிடத்துக்கும் குறைவான இசைக்கு அத்துணை நாள் என்பதை எண்ணிப் பார்த்தால், அது வாசிப்பைக் காட்டிலும் அச்சுக்கோத்தலுக்கு நெருக்கமானது என்று தோன்றும். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த காலத்து அச்சகங்களை அறிந்தவர்க்கு இவ்வொப்புமை விளங்கும்.

முதல் வெற்றி விட்டுச்சென்ற வினா

முதல் இசைத்தட்டில் பாக் தேர்ந்தெடுக்கப்பட்டது தற்செயலன்று. பாக்கின் இசையில் குரல்கள் ஒவ்வொன்றும் தனித்து நடந்து, ஒன்றையொன்று துரத்தி, சந்தித்துப் பிரியும். அதன் பொருள் பெரும்பகுதி இவ்வரிகளின் உறவில் தங்கியுள்ளது. எக்கருவியில் ஒலிக்கிறது என்பது அதற்கடுத்ததே. வரி வரியாகப் பதியும் முறையும், வரிகளால் நெய்த இசையும் ஒன்றுக்கொன்று பொருந்தின. ஒவ்வொரு வரிக்கும் வெவ்வேறு ஒலிப்பண்பு அளிக்கப்பட்டமையால், இசைக்குழு வாசிக்கும்போது செவி தவறவிடும் உள்வரிகளும் துலங்கின.

வெற்றியின் அளவு எவரும் எதிர்பாராதது. 1969 தொடங்கி 1972 தொடக்கம்வரை பில்போர்டு இதழின் செவ்வியல் இசைப் பட்டியலில் அத்தட்டு முதலிடத்தில் நின்றது. கிராமி விருதுகள் மூன்றனை 1970இல் பெற்றது. இதனைத் தொடர்ந்து போலிகள் பெருகின. ‘சுவிட்ச்டு-ஆன்’ என்னும் முன்னொட்டோடு ராக் பாடல்களும் பர்ட் பாக்கராக்கின் மெல்லிசையும் 1969இலேயே வெளிவந்துவிட்டன. மோக் கருவியை வாங்கிய நிறுவனங்கள் பல, அதனை வேடிக்கை ஒலிப் பெட்டியாக நடத்தின.

ஆகவே இரண்டாம் இசைத்தட்டுக்குமுன் கார்லோஸும், தயாரிப்பாளர் ரேச்சல் எல்கைண்டும் நின்ற இடம் இக்கட்டானது. முதல் தட்டு உண்மையில் எதை மெய்ப்பித்தது? பாக்கின் இசை எக்கருவியையும் தாங்கும் என்பதையா? அல்லது இக்கருவி எவ்விசையையும் தாங்கும் என்பதையா? முன்னது பாக்கின் பெருமை. அதில் கருவிக்குப் பங்கில்லை. பின்னதை மெய்ப்பிக்க வேண்டுமாயின், கருவியின் தன்மையையே உயிராகக் கொண்ட இசையை எடுத்தாக வேண்டும்.

அவர்கள் எடுத்ததும் அதுவே. புதிய தட்டில் பாக்குக்கு ஒரு படைப்பு மட்டுமே ஒதுக்கப்பட்டது. அது ஜி மேஜரில் அமைந்த நான்காம் பிராண்டன்பர்க் கன்செர்ட்டோ. எஞ்சிய இடத்தில் மான்டிவெர்தி, தொமெனிக்கோ ஸ்கார்லாட்டி, ஹாண்டல் ஆகியோர் அமர்ந்தனர். பாக், ஹாண்டல், ஸ்கார்லாட்டி மூவரும் 1685ஆம் ஆண்டிலேயே பிறந்தவர்கள். மான்டிவெர்தி அவர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முற்பட்டவர். மூவர் ஒரே ஆண்டினர் என்பது பாடநூல்கள் விரும்பிக் கூறும் செய்தி. ஈண்டு நோக்கத்தக்கது, அம்மூவரும் கருவியை நோக்கிய வேறுபட்ட நிலைகளே. ஹாண்டலின் ‘நீரிசை’ 1717இல் தேம்ஸ் ஆற்றில் மன்னர் முதலாம் ஜார்ஜின் படகு உலாவுக்காக, திறந்த வெளியில் ஒலிக்க எழுதப்பட்டது. ஸ்கார்லாட்டியின் 555 சொனாட்டாக்களில் மிகப் பெரும்பாலானவை ஹார்ப்சிகார்ட் முன் அமர்ந்த ஒருவரின் பத்து விரல்களுக்காகப் பிறந்தவை.

ஹாண்டல் பகுதிகளைப் பற்றி நீளப் பேசவேண்டியதில்லை. தட்டின் வலுக்குறைந்த பகுதி அதுவே. திறந்த வெளியின் காற்றை உள்ளடக்கிய அவ்விசை, நான்கு சுவருக்குள் பதிந்த மின்னொலியில் சுருங்கிப் போகிறது. ‘ஏர்’ என்னும் மெதுவான பகுதி இனிமையாகவே உள்ளது. இனிமைக்கு மேல் ஒன்றுமில்லை.

ஸ்கார்லாட்டி: விரலிலிருந்து மெய்யொலிக்கு

தட்டின் மெய்யான சோதனைக்களம் ஸ்கார்லாட்டியின் நான்கு சொனாட்டாக்கள். ஹார்ப்சிகார்டில் விசையை அழுத்தியவுடன் சிறு இறகுத்துண்டு ஒன்று தந்தியை மீட்டிவிட்டு விலகும். எவ்வளவு வலிந்து அழுத்தினும் ஒலியின் அளவு மாறுவதில்லை. ஆகவே அக்கருவியில் உணர்ச்சி முழுவதும் ஒலியின் தொடக்கத்திலும், சுரங்களுக்கிடையே விடப்படும் இடைவெளியிலுமே உள்ளது. டி மேஜரில் அமைந்த, கிர்க்பாட்ரிக் எண் 96 பெற்ற சொனாட்டா வேட்டைக் கொம்பொலியைப் போலத் தொடங்கி, ஒரே சுரத்தை விரல் மாற்றி மாற்றி விரைந்து மீட்டும் பகுதிகளை உடையது. இத்தகைய விரைந்த மறுமீட்டலை ஒரு மின்னொலி எவ்வாறு செய்யும்?

இங்கு இயற்பியல் சார்ந்த ஒரு செய்தியை நினைவுகூர்தல் தகும். 1948இல் பாரிசில் பியர் ஷேஃபர், பதிவுசெய்த மணியோசையின் தொடக்கத்தை மட்டும் நீக்கிவிட்டு எஞ்சியதைக் கேட்டார். அது மணியாக ஒலிக்கவில்லை. ஓர் ஒலியை இன்னது என்று செவி இனங்காண்பதில் அதன் முதல் நொடிப்பகுதிக்குப் பெரும் பங்குண்டு என்பது பிற்கால ஆய்வுகளாலும் உறுதிப்பட்டது. வயலினாயினும் குழலாயினும், தொடக்கத்தை நீக்கினால் எஞ்சும் நெடுநிற்றலைப் பிரித்தறிவது பலருக்கும் கடினமாகிறது.

இதனைத் தமிழிலக்கணச் சொற்களில் கூறுவது எளிது. ஒரு சுரத்தின் நிலைத்து நிற்கும் பகுதி உயிர். அதனைத் தொடங்கிவைக்கும் மீட்டல், தட்டல், ஊதல் மெய். நாம் கேட்கும் சுரம் ஒவ்வொன்றும் உயிர்மெய். மெய்க்கு அரைமாத்திரையே அளவு. ஆயினும் அவ்வரைமாத்திரை பிறழ்ந்தால் ‘கல்’ ‘பல்’ ஆகிவிடும். முற்காலத்து மின்னணு இசைக்கருவிகள் பலவும் உயிரொலியில் வல்லவை, மெய்யொலியில் ஏழைகள். ஒலி சட்டென்று தோன்றி, மாறாது நின்று, சட்டென்று நின்றுவிடும். அவ்வாறான இசையை நெடுநேரம் கேட்பது, ஆகார ஈகாரங்களை மட்டும் ஒருவர் தொடர்ந்து ஒலிக்கக் கேட்பதனோடு ஒக்கும்.

மோக் கருவியில் ஒலி எழும் நேரத்தை ஆயிரத்தில் சில பங்கு நொடியிலிருந்து பல நொடிகள்வரை அமைத்துக்கொள்ளலாம். வடிப்பானையும் அதே எழுச்சியோடு திறந்து மூடச் செய்தால், ஒலி தொடங்கும் கணத்தில் மேற்சுரங்கள் பொங்கி உடன் அடங்கும். செவி அதனை மீட்டலாக உணரும். ஸ்கார்லாட்டி பகுதிகளில் இவ்வகை மெய்யொலிகளைக் கூர்ந்து கேட்டால் வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பிரிக்கத் தோன்றும் அளவுக்கு வேறுபாடுகள் தெரிகின்றன. உலர்ந்து வெடிப்பன சில. மூக்கொலிபோல் அடைபட்டு எழுவன சில. தொடக்கமே தெரியாமல் வழுகி வருவன சில. இவை ஹார்ப்சிகார்டைப் போலி செய்யவில்லை என்பது முதன்மையான செய்தி. ஹார்ப்சிகார்டின் இலக்கணத்தை எடுத்துக்கொண்டு, வேறு ஒலிகளால் பேசுகின்றன.

கருவியின் குறையும் இவ்விடத்தில் துணைநின்றது. ஒரு விசையை முற்றிலும் விடுத்த பின்னரே அடுத்த சுரம் புதிதாகத் தொடங்கும் என்பது அவ்விசைப்பலகையின் இயல்பு. பியானோ பயின்ற விரல்கள் ஒரு சுரத்தை அடுத்ததனோடு இழைத்துச் செல்லும்; மோக்கில் அவ்வாறு வாசித்தால் அடுத்த சுரம் மெய்யின்றி வெற்றுயிராகத் தொடரும். எனவே எங்கே பிரிப்பது, எங்கே இழைப்பது என்பதை ஒவ்வொரு சுரத்திற்கும் முடிவுசெய்தாக வேண்டியிருந்தது. அழுத்தும் விரைவையும் ஆழத்தையும் உணரும் விசைப்பலகையைக் கார்லோஸ் மோக்கிடம் கேட்டுப் பெற்றிருந்தார் என்பதையும் இதனோடு சேர்த்தே எண்ணவேண்டும். அவர் வேண்டியது புதிய ஒலிகளை மட்டுமன்று. ஒலிக்கும் வகைகளையும் கூட.

மற்றொரு நுட்பமும் குறிப்பிடத்தக்கது. ஒரே வரியின் சுரங்களை இரண்டு மூன்று ஒலிப்பண்புகளுக்குப் பகிர்ந்தளிக்கும் முறை மேலை இசையில் இடைக்காலத்திலிருந்தே உண்டு. ‘ஹாக்கெட்’ என்பது அதன் பெயர். ஒருவர் தொடங்கிய சொல்லை மற்றவர் முடிப்பது போன்றது அது. ஸ்கார்லாட்டி ஒரு சிறுதொடரை அடுத்தடுத்து இருமுறை கூறும் பழக்கமுடையவர். ஹார்ப்சிகார்டில் இரண்டாவது, முதலாவதன் எதிரொலியாகவே நிற்கும். கார்லோஸின் அமைப்பில் அது பெரும்பாலும் வேறொருவர் கூறும் மறுமொழியாகிறது. ஒருவர் தனித்துப் பேசிய இடம் உரையாடல் ஆகிறது. ஸ்கார்லாட்டியின் எழுத்தில் இவ்வுரையாடல் உள்ளதா, கார்லோஸ் ஏற்றிக் கூறினாரா என்று கேட்கலாம். ஒரே குறளுக்குப் பரிமேலழகரும் மணக்குடவரும் வேறுவேறு உரை காண்பதை அறிந்த நமக்கு, அவ்வினா பழகியது. மூலத்தில் இடமில்லாத உரை நில்லாது. மூலத்தில் உள்ளதை மட்டும் திருப்பிச் சொல்லும் உரை தேவையில்லை. எண் 96 சொனாட்டாவில் அவருடைய உரை நிற்கிறது என்பது என் கருத்து. சில இடங்களில், குறிப்பாகச் சிறுதொடர்கள் இடமும் வலமும் மாறிமாறித் தாவும்போது, அது சிலம்பமாகிவிடுகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

நான்காம் கன்செர்ட்டோவும் கூல்டின் சான்றும்

நான்காம் பிராண்டன்பர்க் கன்செர்ட்டோ, பாக் 1721இல் பிராண்டன்பர்க் இளவரசருக்குக் காணிக்கையாக்கிய ஆறனுள் ஒன்று. ஒரு வயலினும் இரண்டு ரெகார்டர் குழல்களும் அதன் தலைமைக் குரல்கள். இதே கன்செர்ட்டோவைப் பின்னர்ப் பாக் தாமே ஹார்ப்சிகார்டுக்கு மாற்றி எழுதினார். கருவி மாற்றத்தைப் பாக்குக்கு இழைத்த தீங்காகக் கருதுவோர்க்கு அந்த ஒரு செய்தியே போதிய மறுமொழி.

இதன் இடைப்பகுதியில் ஓங்கிய ஒலியும் தாழ்ந்த ஒலியும் மாறிமாறி எதிரொலிக்கவேண்டும் என்று பாக் குறித்துள்ளார். முதல் இசைத்தட்டில் இடம்பெற்ற மூன்றாம் கன்செர்ட்டோவோடு இதனை ஒப்பிடுவது பயன் தரும். அதன் இடைப்பகுதிக்குப் பாக் இரண்டே இரண்டு கூட்டொலிகளை எழுதி விட்டுவிட்டார். கார்லோஸ் அவ்விடைவெளியை மின்னொலிகளின் விந்தைக் காட்சியால் நிரப்பினார். கருவி தன்னைத்தானே காட்டிக்கொண்ட இடம் அது. நான்காவதில் அதற்கு வாய்ப்பே இல்லை. அங்குத் தேவைப்பட்டது அடக்கம். எதிரொலிக்கும் குழல்களின் தாழ்ந்த குரல், ஒலியைக் குறைத்தமையால் மட்டும் தாழ்ந்ததாக ஒலிக்கவில்லை. தொடக்கத்தின் கூர்மையும் உடன் குறைகிறது. அருகிருந்து பேசுவோர் குரலைத் தாழ்த்தும்போது மெய்யொலிகள் மழுங்குவதை ஒப்பது இது. இறுதிப்பகுதியில் குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் வேகத்திலும் ஒவ்வொரு வரியின் நுழைவும் தெளிவாக உள்ளது.

கனடிய பியானோ கலைஞர் கிளென் கூல்ட், தாம் கேட்ட பிராண்டன்பர்க் வாசிப்புகள் அனைத்தினும் இதுவே சிறந்தது என்னும் பொருள்படப் புகழ்ந்தார். முதல் இசைத்தட்டையும் அவர் 1968இலேயே பெரிதும் பாராட்டியிருந்தார். ஆனால் கூல்டின் சான்றை எடைபோட்டே கொள்ளவேண்டும். 1964இல் மேடைக் கச்சேரிகளை முற்றிலும் கைவிட்டு, ஒலிப்பதிவுக் கூடமே இசையின் எதிர்காலம் என்று வாதிட்டவர் அவர். ஒலிநாடாவை வெட்டி ஒட்டிச் செம்மையான வாசிப்பை உருவாக்குதல் ஏமாற்று என்போர்க்கு எதிராக அவர் எழுதிவந்தார். மேடையில் ஒருபோதும் நிகழ முடியாத கார்லோஸின் இசை, அவர் வழக்கிற்குக் கிடைத்த வலுவான சான்று. எனினும் வழக்கறிஞர் தம் கட்சிக்காகப் பேசினார் என்பதனால் அவர் கூறியது பொய்யாகிவிடாது. இறுதிப்பகுதியைக் கேட்பவர் தாமே முடிவுசெய்யலாம்.

எதிர்வாதம்

கார்லோஸுக்கு எதிரான வலிமையான வாதம் வேறு திசையிலிருந்து வருகிறது. அதே காலத்தில் மார்ட்டன் சபாட்னிக், கலிபோர்னியாவில் டான் புக்லா வடிவமைத்த, பியானோ வகை விசைப்பலகை இல்லாத கருவியில் ‘சில்வர் ஆப்பிள்ஸ் ஆஃப் தி மூன்’ (1967) என்னும் படைப்பை உருவாக்கினார். அடுத்த ஆண்டே ‘தி வைல்டு புல்’ வெளிவந்தது. இரண்டும் இசைத்தட்டின் இரு பக்கங்களுக்கென்றே எழுந்தவை. மூலம் என்று சுட்ட வேறொன்றும் இல்லாதவை. அவற்றோடு ஒப்பிட்டால், விசைப்பலகையைப் பற்றிக்கொண்டு முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய இசையை வாசித்த கார்லோஸ், புதிய கருவியைப் பழைய தொழுவத்தில் கட்டினார் என்பது அவ்வாதம். நம் நாட்டிலும் இவ்விரண்டாம் நெறியே முதலில் வேர்கொண்டது. அதே 1969இல் டேவிட் டியூடரின் துணையோடு அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மோக் கருவியொன்று நிறுவப்பட்டது; அங்கு உழைத்த இந்தியக் கலைஞர்கள் பாக்கை நாடவில்லை, புதிய ஒலியாக்கங்களையே நாடினர். நெடுங்காலம் உறங்கிய அவ்வொலிநாடாக்களிலிருந்து ஒரு தொகுப்பு 2023இல் வெளிவந்தது.

இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் சபாட்னிக் படைப்பில் ஓர் ஒலி பிழையாக ஒலித்தது என்று எவரும் சொல்ல முடியாது. அளவுகோல் படைப்புக்குள்ளேயே பிறக்கிறது. ஸ்கார்லாட்டியின் மறுமீட்டலில் மெய்யொலி மழுங்கினால், கேட்பவர் உடனே கண்டுகொள்வர். தெரிந்த மொழியில் பேசுபவனின் உச்சரிப்பே சோதனைக்குள்ளாகும். கார்லோஸ் அச்சோதனையை வலிந்து ஏற்றார். சிந்தசைசரில் நுண்மையாக வாசிக்க முடியும் என்பது அவ்வழியிலேயே நிறுவப்பட்டது.

சொல் இழந்த மான்டிவெர்தி

தட்டின் தொடக்கத்திலும் இறுதியிலும் மான்டிவெர்தி நிற்கிறார். 1607இல் மாந்துவா அரசவையில் அரங்கேறிய ‘ஓர்ஃபெயோ’ இசைநாடகத்தின் சில பகுதிகள் முதற்பக்கத்தைத் தொடங்கிவைக்கின்றன. 1610ஆம் ஆண்டு வெளிவந்த மாலை வழிபாட்டிசையின் தொடக்கப் பாடல் தட்டை முடித்துவைக்கிறது. ஓர்ஃபெயோவின் தொடக்க முழக்கம் ஒரே கூட்டொலியின்மேல் அசையாது நிற்பது. ஆதார சுருதியின்மேல் எழும் இசைக்குப் பழகிய நம் செவிக்கு அது உடனே நெருக்கமாகிறது. கார்லோஸின் உலோக ஒலிகள் அங்கே பொருந்தி ஒலிக்கின்றன.

இடர்ப்பாடு குரலுக்குரிய பகுதிகளில் எழுகிறது. சொல்லே தலைவி, இசை அவள் ஏவலாள் என்னும் கொள்கையை 1605, 1607 ஆண்டுகளில் நூல் முன்னுரைகளின் வழியாக உலகறியச் செய்த அணி மான்டிவெர்தியுடையது. அவருடைய பாடற்குழுவுக்குரிய இசையைச் சொல்லே அறியாத கருவியொன்றிடம் ஒப்படைத்தது துணிவா, கவனக்குறைவா? குரல்கள் நிரைநிரையாக எழுகின்றன, செறிவும் ஒளியும் உள்ளன, இலத்தீன் இல்லை. வழிபாட்டுப் பாடலில் பாடற்குழுவின் பெரும்பகுதி ஒரே கூட்டொலியில் நின்று சொற்களை ஓதுவதாகவே அமைந்துள்ளது. சொற்களை எடுத்துவிட்டால் அங்கே எஞ்சுவது தாளம் ஒன்றே. ஸ்கார்லாட்டியிடம் தந்தியின் மெய்யொலியை ஈடுசெய்த அதே கருவி, நாவும் இதழும் பிறப்பிக்கும் மெய்யொலிக்குமுன் தோற்றுநிற்பதை இங்குக் கேட்கிறோம். கேட்பவர்க்குக் கம்பீரமாக ஒலிக்கும் இப்பகுதியே தட்டின் உண்மையான தோல்வி; மிகப் பயனுள்ள தோல்வியும் அதுவே.

கார்லோஸும் எல்கைண்டும் அடுத்து எடுத்த பணியைக் காண இது விளங்கும். அவர்கள் நாடியது வோகோடர் என்னும் கருவி. இது இசைக்கூடத்தில் பிறந்ததன்று. 1930களில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹோமர் டட்லி, பேச்சொலியைத் தொலைபேசிக் கம்பிவழிச் சிக்கனமாக அனுப்பும்பொருட்டு நிகழ்த்திய ஒலிப்பியல் ஆய்வின் பயன். பேச்சைப் பல அதிர்வெண் பட்டைகளாகப் பகுத்து, ஒவ்வொரு பட்டையின் ஏற்ற இறக்கத்தையும் வேறோர் ஒலியின்மேல் ஏற்றுவது அதன் செயல்முறை. மனிதவாய் மெய்யொலிகளைத் தரும். சிந்தசைசர் உயிரையும் சுருதியையும் தரும். மோக்கின் உதவியோடு இதனை அமைத்துக்கொண்டு, பாடகியுமான எல்கைண்டின் குரலைக் கொண்டு, பேதோவனின் ஒன்பதாம் சிம்பனியின் பாடற்பகுதியைச் சொற்களோடு பாடவைத்தனர். ஸ்டான்லி குப்ரிக்கின் ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்சு’ திரைப்படத்தில் 1971இல் உலகம் கேட்டது அதுவே. 1969இல் சொல்லின்றி நின்ற பாடற்குழுவையும் இதனையும் அடுத்தடுத்துக் கேட்டால், பின்னது எந்தக் குறையிலிருந்து பிறந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தலைப்பைப் பற்றி ஒரு சொல். பாக்கின் புகழ்பெற்ற விசைப்பலகை நூலின் பெயரைச் சிறிது மாற்றி வைத்த சொல்விளையாட்டு அது. மூலநூலின் தலைப்பிலுள்ள அடைமொழி, எல்லாச் சுருதிகளிலும் இனிதாக வாசிக்குமாறு பகுக்கப்பட்ட ஸ்தாயியைக் குறிக்கும். அப்பகுப்பு இன்றைய சமபங்குப் பகுப்பே என்று கொள்ள ஆய்வாளர் பலரும் இசைவதில்லை. மோக்கின் விசைப்பலகையோ ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காகவே பிரிப்பது. அலையியற்றிகள் அந்தச் சமபங்கிலும் நிலைத்து நிற்க மறுத்தவை. நிமிடத்துக்கு நிமிடம் சுருதி விலகிய கருவிக்கு ‘நன்கு சுருதி சேர்ந்தது’ என்று பெயரிட்டதில் இருந்த குறும்பை, அதனோடு மாதக்கணக்கில் போராடியவரே நன்கு அறிவார். பாக் காலத்துப் பகுப்புமுறைகளைக் கணினியின் துணையோடு மெய்யாகவே கையாண்டு கார்லோஸ் பாக்கை மீண்டும் பதிந்தது ‘சுவிட்ச்டு-ஆன் பாக் 2000’ என்னும் தொகுப்பில், ஆண்டு 1992.